சார்ஜருக்கு ஒரு நீதி, டைமண்டுக்கு ஒரு நீதி

பூனாகலைக் கடைத்தெருவில் நம் ஆள் ஒருவர் ஒரு கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோக் கொப்பி, ரீலோட், போன் கவர், சார்ஜர், பள்ளிப் பிள்ளைகளின் ஒப்படைக்குப் படம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஒரே மேசையில்தான் நடக்கும். சென்ற வருடம் ஒரே கிழமையில் அந்த மேசைக்கு இரண்டு முறைப்பாடுகள் வந்தன. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன்.

முதலாவது ஒரு சார்ஜர். மேல் டிவிஷனில் வேலை செய்யும் ஒருவர் வாங்கி நாலு நாள். சூடாகி அப்படியே செத்துப் போய்விட்டது. "நானா, இது வேல செய்யல்ல" என்று மேசையில் வைத்தார். நானா ஒருதடவை சொருகிப் பார்த்தார். வேறொன்றை எடுத்து நீட்டினார். பில்லைக்கூடக் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர். கடைத்தெருவில் அவருக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

இரண்டாவதாக வந்தவர் என் வகுப்புப் பையன் ஒருவனின் தாய். கொழுந்தெடுப்பவர். மலையிலிருந்து இறங்கிய கையோடு, கூடையை இறக்கி வைக்காமலே வந்திருந்தார்.

"நானா, எங்க புள்ள ஒங்ககிட்ட பதிமூவாயிரத்து நானூறு ரூவாய்க்கு டைமண்ட் போட்டிருக்கானாம். கொழும்புல இருந்து அவங்கப்பா டியூசனுக்கு அனுப்புன காசு. கொஞ்சமாச்சும் திருப்பித் தர ஏலுமா?"

"அது என் கையில இல்ல தங்கச்சி. போட்ட ஒடனே கம்பனிக்குப் போயிடும். திருப்பி எடுக்கேலாது."

அந்தத் தாய் என் பக்கம் திரும்பி, "சேர், நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். தாயின் உழைப்பு, தகப்பனின் வியர்வை, படிப்பு, ஒழுக்கம் என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். பையன் தலை குனிந்து கேட்டான். கடைசியில் மெல்லச் சொன்னான்: "சேர், இன்னும் ரெண்டு தடவ சுத்தியிருந்தா அந்தத் துவக்கு கெடைச்சிருக்கும்."

அப்போது தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். 13,400 ரூபாய் என்றால் கிட்டத்தட்டப் பத்து நாள் கொழுந்து. அந்தக் கணக்கு வீட்டுக்குப் போகும் வழியில் மனசைக் குடைந்தது. ஆனால் அதைவிடக் குடைந்தது வேறொன்று. ஒரே கடை, ஒரே மேசை, ஒரே வியாபாரி. சார்ஜர் வாங்கியவர் வாடிக்கையாளராக வந்து நியாயம் பெற்றுப் போனார். டைமண்ட் வாங்கியவன் குற்றவாளியாக நின்று உபதேசம் கேட்டான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நாம் கேட்ட கேள்விகள்

கணினி விளையாட்டைப் பற்றி நம் ஏடுகளில் எழுதப்படுவதை நான் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். ஜும்ஆ மேடையிலும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டும் வருகிறேன். எல்லாவற்றையும் நாலு கேள்விக்குள் அடக்கிவிடலாம். தொழுகை தவறுகிறதா? நேரம் வீணாகிறதா? வெட்டும் சுடலும் பிள்ளையின் மனதைக் கெடுக்குமா? ஆகமொத்தம் இது ஹராமா, ஹலாலா?

இவை தேவையில்லாத கேள்விகள் என்று சொல்ல வரவில்லை. இரவு இரண்டு மணிவரை போனைப் பார்த்துவிட்டு முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளைகளைத் தினமும் காண்பவன் நான். என் குறை வேறு. இந்த நாலு கேள்வியும் விளையாடுபவனைப் பார்த்தே கேட்கப்படுகின்றன. விற்பவனைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விகூட இல்லை. விலையை ஒழுங்காகச் சொன்னானா? பொருளைக் காட்டித்தான் விற்றானா? விற்றதை மறுபடி பிடுங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறானா? சிறுபிள்ளை என்று தெரிந்துகொண்டே விற்றானா? இந்தக் கேள்விகளை நாம் கேட்டதே இல்லை.

மிளகாய்த் தூளில் செங்கல் தூளைக் கலந்து விற்றவரை விட்டுவிட்டு, அதைச் சாப்பிட்டவரிடம் போய் "காரத்தைக் குறையுங்கள்" என்று உபதேசம் செய்வது போன்றது இது. காரம் குறைப்பது உடம்புக்கு நல்லதுதான். செங்கல் தூளுக்கு அது மருந்தாகுமா?

இத்தனைக்கும் நாம் வணிகத்தோடு வளர்ந்த சமூகம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை என்று ஊவாவின் எந்தப் பட்டினத்திலும் நம்மவர் கடைகள் இருக்கின்றன. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே அல்குர்ஆனில் ஒரு சூறா இருக்கிறது. 83வது சூறாவின் பெயரே முதஃப்பிஃபீன். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை மத்ரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளையும் சொல்லும். நான் ஆலிம் அல்ல, தமிழ் படித்தவன். சீறாப்புராணத்தில் நபியவர்கள் ஷாம் தேசத்துக்கு வணிகம் போகும் பகுதியையும், பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் பிறர் பொருளைத் தம் பொருள்போல எண்ணி விற்ற பகுதியையும் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு புதிய சந்தை வந்தபோது அந்தக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க ஏன் நமக்குத் தோன்றவில்லை?

டைமண்டும் டோக்கனும்

முதலில் விலையை எடுத்துக்கொள்வோம். பல விளையாட்டுகளுக்குள் நேரடியாக ரூபாய் செல்லாது. ரூபாயைக் கொடுத்து டைமண்ட், கொயின், ஜெம் என்று ஏதோ ஒன்றை வாங்க வேண்டும். அதைக் கொடுத்துத்தான் உடுப்பு, துவக்கு, சுழற்சி எல்லாம் வாங்கலாம். ஏன் இந்த இடைத்தரகு? ரூபாயிலேயே விற்றால் என்ன?

மலையகத்தில் வாழ்பவனுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், இலங்கைத் தோட்டங்களும் கொழும்புக் கோப்பி ஆலைகளும் சொந்தமாக உலோக டோக்கன்கள் அடித்தன. பறித்த பழத்தின் அளவுக்கு, செய்த வேலையின் அளவுக்கு டோக்கன். பழைய நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அந்த உலோக வில்லை கையிலிருக்கும்; ஆனால் கொடுத்த இடம் மாற்றித் தந்தால்தான் அது காசு. தோட்டம் அரிசியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட ஏற்பாடும் நம் முன்னோர்களுக்குத் தெரிந்ததே. "துண்டு" முறை எல்லாவற்றையும்விட மோசம். தொழிலாளியின் கடன் தொகையை ஒரு துண்டில் எழுதிக் கங்காணியிடம் கொடுப்பார்கள். அந்தத் தொகையை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்குக் கூட்டம் போகும். தோட்டம் மாற மாறக் கடன் ஏறும். எவ்வளவு ஏறியது என்பது பெயருக்குரியவனுக்கே விளங்காது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

தோட்டத் தொழிலாளியின் துயரமும் ஒரு பையனின் விளையாட்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அவன் விரும்பினால் போனை அணைத்துவிடலாம். அவனுடைய பாட்டனின் பாட்டனுக்கு அது முடியவில்லை. ஆனால் கணக்கு நடக்கும் விதம் ஒன்றே. உன் பணத்தை, கொடுத்தவனிடம் மட்டுமே செல்லுபடியாகும் ஒன்றாக மாற்றிவிட்டால் மூன்று காரியம் நடக்கிறது. எவ்வளவு செலவழிக்கிறாய் என்பது உனக்கு மறக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாது. மிச்சம் எப்போதும் அவனிடமே தங்குகிறது.

மிச்சத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஓர் உடுப்பின் விலை 400 டைமண்ட் என்று வையுங்கள். டைமண்ட் பொட்டலங்கள் 300, 500 என்றே விற்கப்படும். 500 வாங்கினால் 100 மிஞ்சும். அந்த நூறுக்கு உருப்படியாக ஒன்றும் வராது. அதைச் செலவழிக்க மறுபடி ஒரு பொட்டலம் வாங்க வேண்டும். மிச்சச் சில்லறைக்கு டொபி கொடுக்கும் கடைக்காரரோடு நாம் சண்டை பிடிக்கிறோம். இங்கே அந்த டொபியைத் தின்னவும் இயலாது.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாவனையாளர் பாதுகாப்பு அதிகாரிகள் இதே விடயத்தைக் கையிலெடுத்தார்கள். டைமண்டில் விலை சொன்னாலும் உண்மையான பணத்தில் எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும், வேண்டாத அளவு நாணயத்தை வாங்க வைக்கக் கூடாது என்று கொள்கைகள் வெளியிட்டார்கள். நம் சந்தையில் சாதாரண மனிதர் கேட்பதும் அதுதானே: காசில எவ்வளவு என்று சொல்லு.

கல்லெறிந்து விற்பது

இரண்டாவது, பொருள். அந்தப் பையன் துவக்கை வாங்கவில்லை. துவக்கு கிடைக்கக்கூடிய ஒரு சுழற்சியை வாங்கினான். சில விளையாட்டில் சக்கரம், சிலதில் மூடிய பெட்டி. திறந்தால் அரியது வரலாம்; பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சில்லறைச் சாமான்தான் வரும்.

ஜாஹிலிய்யாக் காலத்து அரபுச் சந்தையில் கல்லெறி வியாபாரம் என்று ஒன்று இருந்தது. ஒரு கல்லை எறி, அது எந்தத் துணியில் விழுகிறதோ அது உனக்கு இன்ன விலைக்கு என்பது அதன் ஒரு வகை. பையுல் ஹஸாத் என்பார்கள். இதையும், என்ன கிடைக்கும் என்பது தெரியாத கரர் வியாபாரத்தையும் நபியவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. சுழலும் சக்கரத்தை முதன்முதலாகப் பையனின் போனில் பார்த்தபோது எனக்கு இந்தப் பாடம்தான் ஞாபகம் வந்தது. கல்லுக்குப் பதில் விரல். சந்தைக்குப் பதில் திரை.

இதில் இன்னொரு மோசம் உண்டு. சந்தையில் எறிந்த கல் எங்கே விழுகிறது என்பதை இருவரும் பார்க்கலாம். சக்கரம் எங்கே நிற்கும் என்பது கம்பனி எழுதிய கணக்கு. ஆயிரத்தில் எத்தனை தடவை அந்தத் துவக்கு வரும் என்பது விற்பவனுக்குத் தெரியும். வாங்குபவனுக்குச் சொன்னால்தான் தெரியும். "இன்னும் ரெண்டு தடவ" என்று அந்தப் பிள்ளை சொன்னதற்குக் காரணம் அவனுடைய பேராசை மட்டுமா? ஊசி துவக்கின் பக்கத்தில் வந்து நின்று "அடடா" என்று காட்டும்படி அந்தத் திரை வரையப்பட்டிருந்தது. கிட்ட வந்தது போன்ற அந்த எண்ணமும் விற்பனைச் சரக்கில் ஒரு பகுதி.

உலகம் இதைக் கவனிக்காமல் இல்லை. பெட்டிகளில் கிடைப்பவற்றைக் கொண்டு ஒரு முழுத் தொகுதியைச் சேர்த்தால்தான் பரிசு என்ற முறையை 2012இல் ஜப்பானின் பாவனையாளர் முகவரகம் சட்டவிரோதம் என்றது. 2017 மே முதல், எது வர எத்தனை வீதம் வாய்ப்பு என்பதைக் கம்பனிகள் வெளியிட வேண்டும் என்று சீனா விதித்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்றது. மறுபக்கமும் உண்டு. 2022 மார்ச்சில் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஓர் உதைபந்தாட்ட விளையாட்டின் பொதிகளைப் பற்றி, அவை ஒரு திறமை விளையாட்டின் பகுதியே, தனியான சூதாட்டம் ஆகா என்று தீர்த்தது.

இந்தத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வாதத்தில் தமிழ்நாடு சில வருடமாகவே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்தவர்களின் செய்திகள் வந்தபிறகு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். சட்டமூலம் நிறைவேறியது, ஆளுநர் திருப்பியனுப்பினார், மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடைக்குள் வரா என்றது. 2025இல் தமிழ்நாட்டு அதிகாரசபை நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை காசு வைத்து ஆடத் தடை போட்டது. நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் காசு கட்டிக் காசு வெல்லும் ஒன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடைசெய்தது.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. சூதா இல்லையா என்பதில் மட்டும் நின்றால், காசு கட்டிக் காசு வெல்லாத ஆட்டம் தப்பித்துக்கொள்ளும். நம் பையன் வெல்ல முயன்றது பணத்தை அல்ல. ஒரு துவக்கின் படத்தை. விற்றால் ஒரு சதம் தேறாது. "அப்படியென்றால் சூதில்லையே" என்று கம்பனி சொல்லலாம். ஆனால் மைஸிர் என்று தீர்ப்பு வராவிட்டாலும் கரர் என்ற கேள்வி நின்றுகொண்டே இருக்கிறது: எதை விற்றாய், அதை வாங்குபவனுக்கு முன்கூட்டியே சொன்னாயா? நம் ஃபிக்ஹ் இவ்விரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.

"வாங்கு" என்ற வினை

மூன்றாவது, சொல். தமிழ் வாத்தியாருக்குச் சொல்லில்தான் கண் போகும்.

திரையில் "வாங்கு" என்று ஒரு பொத்தான். தமிழில் ஒன்றை விலைக்கு வாங்கினேன் என்றால் அது என்னுடையது. விற்கலாம், இரவல் கொடுக்கலாம், பிள்ளைக்கு விட்டுப் போகலாம். விற்றவர் மறுநாள் வந்து தூக்கிப் போக முடியாது. இப்படியான உரிமை இல்லாததற்கு நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன: இரவல், வாடகை, குத்தகை. குத்தகைக் காணியை "வாங்கினேன்" என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

2014இல் யுபிசொஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பனி "த க்ரூ" என்ற கார் ஓட்ட விளையாட்டை வெளியிட்டது. மக்கள் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். தனியாக ஓட்டினாலும் கம்பனியின் சேவையகத்தோடு தொடர்பு இருந்தால்தான் அது இயங்கும். 2024 மார்ச் 31ஆம் திகதி சேவையகத்தை நிறுத்தினார்கள். அன்றோடு, காசு கொடுத்த எவராலும் அதை விளையாட முடியவில்லை. பெட்டி அலுமாரியில் இருக்கிறது, விளையாட்டு இல்லை. இதைக் கண்டு ரொஸ் ஸ்கொட் என்பவர் "விளையாட்டுகளைக் கொல்லாதே" என்ற கருத்தில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். கம்பனி கைவிட்ட பிறகும் வாங்கியவர்கள் ஏதோ ஒரு விதத்தில் விளையாட வழி விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2025 ஜூலைக்குள் ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன.

இது விளையாட்டோடு நிற்கும் விடயமல்ல. 2009இல் அமேசன் கம்பனி, உரிமைப் பிரச்சினை என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களை அவர்களுடைய கருவியிலிருந்தே அழித்தது. அவற்றில் ஒன்று ஜோர்ஜ் ஓர்வெலின் "1984". அரசாங்கம் பழைய எழுத்தை அழிப்பதைச் சொல்லும் நாவல் அது. பணம் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நூல் வாசிப்பவர்களாகிய நாம் யோசிக்க வேண்டாமா? என் வீட்டு அலுமாரியில் வாப்பா வாங்கிய கிதாபுகள் இருக்கின்றன. கடைக்காரர் மௌத்தாகி எத்தனையோ வருடம். கிதாபு இருக்கிறது.

கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் பாவனை அனுமதிதான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற சொல்லைப் போடக் கூடாது. ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்லி ஒரு சட்டம்! மொழி படித்தவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்று எனக்குப் பட்டது அதனால்தான்.

சட்டம் பேசினால் கேட்கிறார்கள்

"பெரிய கம்பனி, நாம் என்ன செய்ய?" என்று நானா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். வேல்வ் என்ற அமெரிக்கக் கம்பனியின் ஸ்டீம் கடையில், வாங்கியதைத் திருப்பித் தர முடியாது என்று முன்பு நிபந்தனை இருந்தது. அவுஸ்திரேலியப் பாவனையாளர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. எங்களுக்கு உங்கள் நாட்டில் அலுவலகமே இல்லை என்று கம்பனி வாதாடியும், 2016இல் நீதிமன்றம் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த 2015இல்தான், வாங்கி 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திருப்பித் தருவோம் என்ற ஏற்பாட்டை அந்தக் கடை கொண்டுவந்தது.

2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பனி அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு 52 கோடி டொலருக்கு உடன்பட்டது. அதில் 24.5 கோடி, வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. ஆணைக்குழுவின் குற்றச்சாட்டைப் பாருங்கள்: ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே காசு போகும்படி வைத்தார்கள், பெற்றோரின் அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வாங்க விட்டார்கள், வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கைப் பூட்டினார்கள். இதில் விளையாடிய பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. விற்றவனின் ஒழுக்கமே விசாரிக்கப்பட்டது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பிழையாக வழிநடத்தும் வியாபாரத்தை அதன் 30ஆம் பிரிவு தடுக்கிறது. பொய்யான விவரம் சொல்வதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் சட்டம் எழுதிய காலத்தில் விளையாட்டு இறுவட்டில் வந்தது. டைமண்டும் சுழற்சியும் எழுதியவர்களின் கண்ணில் இருந்திருக்காது. விலைப்பட்டியல் தொங்கவிடாத கடைக்குச் சோதனைக்கு வருகிறார்கள். டைமண்ட் விற்கும் அதே கடையில் அதற்கு எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

நம் பக்கத்து நியாயம்

மறுப்பையும் கேட்டுவிடுவோம். விளையாட்டைச் செய்ய ஆயிரக்கணக்கானோர் உழைக்கிறார்கள். இலவசமாக விளையாட விட்டுவிட்டு உடுப்புக்கு மட்டும் காசு கேட்பதில் என்ன பிழை? பிழையே இல்லை. ஓர் உடுப்பு 800 ரூபாய் என்று எழுதி வைத்து விற்றால், வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். அப்படி நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள். விலையை மறைப்பதும் பொருளை மறைப்பதும்தான் வழக்கு. பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சரி. காலை ஏழரைக்கு மலையேறி மாலையில் இறங்கும் தாய் எந்த நேரத்தில், எந்த மொழியில் எழுதிய நிபந்தனையைப் பார்ப்பார்?

இப்போது நம்மவர் மேசைக்கு வருகிறேன். கம்பனி தூரத்தில் இருக்கிறது. டைமண்டைப் பிள்ளையின் கணக்குக்குப் போட்டுக் கொடுத்துத் தரகு எடுப்பது நம் கடைகளும்தான். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு ஸஹாபிக்கு, ஏமாற்று வேண்டாம் என்று நிபந்தனை சொல்லி வாங்கவும் மூன்று நாள் யோசித்துத் திருப்பிக் கொடுக்கவும் நபியவர்கள் வழி செய்தார்கள் என்று படித்திருக்கிறோம். கியார் என்ற பெயரில் அது நம் ஃபிக்ஹில் ஒரு பாடமாகவே வளர்ந்திருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் பருவமடையாத பிள்ளை செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லாது. என் மாணவனுக்கு 15 வயது. அவன் விடயத்தில் ஆலிம்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆனால் 9 வயது, 10 வயதுப் பிள்ளைகளும் சுருட்டிய நோட்டோடு அதே மேசைக்கு வருகிறார்கள். நாட்டுச் சட்டத்திலும் 18 வரை மைனர்தான். வாங்க வருபவர் எந்த மதம் என்பது விற்பவரின் கடமையை மாற்றாது.

இதையெல்லாம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நானாவிடம் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "நான் போட்டுக் குடுக்காட்டி பண்டாரவளையில போய்ப் போடுவான் சேர். சாராயமா விக்கிறேன்?" என்றார். பிறகு தேத்தண்ணி வரவழைத்தார். அவரிடமும் ஒரு முறைப்பாடு இருந்தது. ஒரு தடவை இலக்கம் ஒன்று பிழைத்து 2,000 ரூபாய் டைமண்ட் வேறெவருடைய கணக்குக்கோ போய்விட்டது. கேட்க ஆள் இல்லை. எழுதினால் ஒரே பதில், அதுவும் இங்கிலீசில், திரும்பத் திரும்ப வந்தது. அவரும் ஏமாந்த வாடிக்கையாளர்தான். அப்படி அவர் தன்னை நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு மட்டையில் எழுதிக் கொடுத்தேன், அவர் கடையில் தொங்கவிட்டிருக்கிறார். டைமண்டின் விலை ரூபாயில். போட்டால் திருப்ப முடியாது என்ற விவரம். 18 வயதுக்குக் கீழ் என்றால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் துண்டு எழுதித் தருகிறார். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொன்னார், மட்டையைக் கழற்றவில்லை. அந்தத் தாயின் 13,400 ரூபாய் திரும்பி வரவில்லை. டியூஷன் காசை வேறு இடத்தில் கைமாற்றாக வாங்கிக் கட்டினார்.

வகுப்பில் நான் செய்வது ஒன்று. தரம் 10க்கு விளம்பரமும் அறிவித்தலும் படிப்பிக்கும் நாளில், பிள்ளைகளைத் தங்கள் விளையாட்டின் ஒரு கொள்வனவுப் பக்கத்தைத் தமிழில் எழுதிவரச் சொல்கிறேன். விலை ரூபாயில் எவ்வளவு, என்ன கிடைக்கும், எத்தனை நாளைக்கு, பிழைத்தால் யாரிடம் கேட்பது என்ற நாலு வரி. பெரும்பாலான தாள்களில் கடைசி இரண்டு வரியும் வெறுமையாக வருகின்றன. பிள்ளைகள் சோம்பலால் விட்டதல்ல. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ஃபிக்ஹ் தெரிந்த ஒருவரும் சட்டம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து இந்த ஏட்டிலேயே இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். கடை வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சார்ஜரை மாற்றிக் கொடுக்கும் அந்தக் கையால்தான் டைமண்டையும் விற்கிறீர்கள். குறைந்தபட்சம் விலையை ரூபாயில் எழுதி, பிள்ளையின் கண் மட்டத்தில் ஒட்டி வையுங்கள்.